நின்றுபோன கடிகாரம் கெட்டுப்போன கடிகாரமன்று
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கம்பரைப் பற்றியும் தமிழிசையைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிய மேடை இது. இங்கே பித்தளைச் சக்கரத்தையும் மண்ணெண்ணெயையும் பற்றி நாம் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்துவிட்டார். நாம் கடிகாரத் தொழிலாளி அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். ஆசான் ஒருவரும் இன்றி, விடுமுறை நாள்களில் மணியடிக்கும் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கக் கற்று வருகிறோம். ஆகையால் வல்லுநரின் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இந்த இலக்னோவில் நம் குடியிருப்பு வீடுகளில் பழங்கடிகாரம் இல்லாத சுவர்கள் குறைவு. சில, தந்தையார் பணி ஓய்வு பெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் அளித்தவை. சில, பொன்மலையிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் பாட்டனார் காலத்தில் பெட்டியில் வந்தவை. சில, நக்காஸ் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. முகப்பைப் பார்த்தால் உலகப் படமே தெரியும். ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் 1861-இல் தொடங்கிய யுங்ஹான்ஸ். டோக்கியோவில் 1892-இல் தொடங்கிய செய்கோஷா. அமெரிக்க நாட்டு அன்சோனியா. அவற்றுள் பெரும்பாலானவை ஓடுவதில்லை. வீட்டுத் தலைவர் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது, "ஓடாத கடிகாரம்தானே" என்று கபாடிக்காரரின் தராசில் ஏறிவிடுகின்றன. மரத்துக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை. நம் கண்முன்னரே அவ்வாறு போனவை உண்டு.

இன்னொரு முடிவும் உண்டு. அதுவே நமக்கு அதிக வருத்தம் தருவது. கடைத்தெருவில் ஒரு கடையில் விசாரித்தோம். "இதற்கெல்லாம் இப்போது சாமான் கிடையாது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் வைத்துத் தருகிறோம்" என்றார்கள். ஒரு மணி நேர வேலையாம். எடுத்த பித்தளையை நமக்குத் திருப்பித் தரும் பேச்சே இல்லை! பேட்டரி இயந்திரத்தின் மீது நமக்குப் பகை இல்லை. நம் சமையலறையில் மணி பார்ப்பது அதில்தான்; காலம் காட்டுவதில் பழங்கடிகாரம் அதற்கு நிகராகாது. ஆனால் பழைய பெட்டியின் உள்ளே அதை வைத்தபின், வெளியே போன சக்கரங்கள் திரும்பி வருவதில்லை.

நாம் கற்றதில் முதன்மையானது ஒன்றே. நின்றுபோன கடிகாரங்களில் மிகப் பல உடைந்தவை அல்ல, அழுக்கு ஏறியவை. எண்ணெய் உலர்ந்து பிசினாகி, அந்தப் பிசினில் தூசி ஒட்டி, சக்கரங்கள் நகர முடியாமல் நிற்கின்றன. இதை நம்பாமல் புதுச் சாமான் தேடி அலைவோர் பலர்.

ஏன் அழுக்கு அவ்வளவு தீங்கு செய்கிறது என்று கேட்கலாம். அதற்கு இயந்திரத்தின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். முகப்பில் சாவி போடும் துளை மூன்று இருந்தால் அது கால் மணிக்கு ஒருமுறை இசைக்கும் கடிகாரம். நடுத்துளை காலம் காட்டும் சக்கர வரிசைக்கு. நமக்கு இடப்பக்கத் துளை பெரும்பாலும் மணியடிக்கும் வரிசைக்கு. வலப்பக்கத் துளை இசைக்கும் வரிசைக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருள்வில், தனித்தனிச் சக்கரங்கள். ஒரே பெட்டிக்குள் மூன்று இயந்திரங்கள் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன.

அவற்றுள் மிகக் கடுமையாக உழைப்பது இசை வரிசை. நம் வீடுகளில் மிகுதியாகக் கேட்கும் மெட்டு வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு. கேம்பிரிட்ஜ் நகரின் புனித மரியாள் பெருங்கோயிலுக்காக 1793-இல் அமைந்த அது, 1859 முதல் இலண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தில் ஒலித்து உலகெங்கும் பரவியது. அதில் உள்ளவை நான்கே சுரங்கள். அவற்றை முறைமாற்றி அடுக்கிய ஐந்து வரிசைகள். கால் மணிக்கு ஒரு வரிசை, அரை மணிக்கு இரண்டு, முக்கால் மணிக்கு மூன்று, முழு மணிக்கு நான்கு. ஆக மணிக்குப் பத்து வரிசை, நாற்பது அடி. ஐந்து வரிசைகளும் ஓர் உருளையில் முள்களாகப் பதிந்திருக்கின்றன. அவ்வுருளை மணிக்குச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு நாளில் இசைக்கு மட்டும் 960 அடி. மணி எண்ணிக்கைக்கு 156 அடி. மொத்தம் 1116. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுத்தால், அந்த ஒரு சாவியில் 8928 தடவை சுத்தியல்கள் எழுந்து விழவேண்டும். இவ்வளவு பாரம் சுமக்கும் வரிசையில் பிசின் ஏறினால் முதலில் நிற்பது அதுதான். முதலில் இசை தள்ளாடும். பிறகு மணி மந்தமாகும். கடைசியில் ஊசலும் நிற்கும். அந்நிலையிலும் உள்ளே ஒரு பல்லும் உடைந்திராது.

சில கடிகாரங்களில் இன்னொரு விந்தை. மணி வரிசைக்குச் சாவி கொடுக்க மறந்தால், பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் கடிகாரம் முழுவதுமே நின்றுவிடும். மணி எண்ணிக்கையை அளக்கும் நெம்புகோல், நத்தை ஓடு போன்ற வட்டின் படியில் இடித்துக்கொள்வதே காரணம். ஒரு சாவி முறுக்கினால் தீரும் நோய்.

இனிக் கற்ற முறை. நக்காஸ் சந்தையில் பெட்டியில்லாத இயந்திரம் ஒன்று வாங்கினோம். மணி அடிக்காது, காலம் மட்டும் காட்டுவது. கற்பவர் எவரும் அதில்தான் தொடங்கவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. பாட்டனார் விட்டுச்சென்ற மூன்று துளைக் கடிகாரத்தில் கைப்பழக்கம் தொடங்குவது, நீச்சல் அறியாதவன் வெள்ளக் காவிரியில் இறங்குவதை ஒக்கும். டொனால்டு டி கார்ல் என்னும் ஆங்கிலேயர் கடிகாரப் பழுதுபார்த்தல் பற்றி எழுதிய நூல் ஒன்று கிடைத்தது. அகராதியை ஒரு பக்கமும் இயந்திரத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு படித்தோம். சொல் புரியாத இடத்தில் சக்கரம் புரியவைத்தது. பல வாரம் திருப்புளி தொடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தோம். எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது, எந்த நெம்புகோல் எப்போது எழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தோம். வீட்டில் நகைப்புக்குக் குறைவில்லை.

கைத்தொலைபேசி வந்ததால் நம் தலைமுறைக்கு ஒரு பேருதவி. பிரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துவிடலாம். திருகாணிகளை இட்டிலித் தட்டின் குழிகளில் வரிசையாக வைக்கலாம். அந்தத் தட்டை மீண்டும் சமையலறைக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

பிரிக்கும் முன் செய்யவேண்டியது ஒன்று; தாய்மார்கள் இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். சுருள்வில்லின் முறுக்கை முழுவதும் இறக்காமல் தகட்டைக் கழற்றலாகாது. முழுச் சாவி கொடுத்த வில்லில் எட்டு நாள் ஓட்டத்துக்கான ஆற்றல் அடங்கியிருக்கிறது. தகடு திறந்த மாத்திரத்தில் அது ஒரே நொடியில் வெளிப்படும், பற்கள் உதிரும், விரல் முறியும். இறக்கும் முறை இது: உருண்டையான மரப்பிடி கொண்ட சாவியை மாட்டி, முறுக்கும் திசையில் சிறிதளவு திருப்பிப் பாரத்தைக் கையில் ஏந்திக்கொள்ளவேண்டும். 'கிளிக்' என்னும் கொண்டியை மற்றொரு கையால் விலக்கி, பிடியைக் கைக்குள் மெல்ல மெல்ல வழுக்கவிடவேண்டும். மூன்று வில்லுக்கும் இப்படியே. ஒன்றை இறக்கிவிட்டு மற்றவற்றை மறப்பது ஆபத்து.

பிறகு துலக்குதல். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது. சக்கரங்களின் எஃகு முனைகள் சுழலும் துளைகளே முதன்மையானவை. பல்குத்தும் மரக்குச்சியை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் திருப்பினால் கரும்பசை ஒட்டி வரும். குச்சி வெள்ளையாகத் திரும்பும்வரை விடக்கூடாது. ஒரு துளைக்கு ஆறேழு குச்சிகள் ஆகும். சலிப்பான வேலைதான், ஆயினும் கடிகாரம் ஓடுவதும் ஓடாததும் இந்தக் குச்சியில்தான் இருக்கிறது. முகப்பு எண்களை மட்டும் ஈரத்துணியால் தேய்க்கவேண்டா. பழைய மை எழுந்து போய்விடும்.

எண்ணெய் பற்றி நம்மவர்க்குத் தனியே ஒரு சொல். நம் குடியிருப்பில் திறந்து பார்த்த கடிகாரங்களில் தேங்காய் எண்ணெய் விடாதது அரிது! நம் ஊரில் பூட்டுக்கும் கதவுக்கும் தலைக்கும் அதுவே மருந்து. ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைச் சூட்டுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் இவ்வூரில் புட்டியை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தடவுகிறோம்? கடிகாரத்தின் உள்ளே உறைந்ததை வெயிலில் வைப்பார் யார்? கடிகாரத்துக்கென்றே உள்ள எண்ணெயை, ஊசி முனையில் எடுத்து, துளையைச் சுற்றியுள்ள சிறு குழியில் ஒரு துளி விட்டால் போதும். பற்களுக்கு எண்ணெய் வேண்டா. பல்லில் எண்ணெய் விடுவது தூசிக்கு விருந்து வைப்பது.

பூட்டியபின் காதின் வேலை. ஊசல் ஆடும்போது 'டிக்' என்பதும் 'டாக்' என்பதும் சம இடைவெளியில் கேட்கவேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால், நொண்டி நடப்பது போலச் சிறிது தொலைவு போய் நிற்கும். பெட்டியை ஒரு பக்கம் சிறிது உயர்த்திப் பார்க்கவேண்டும். எந்தச் சாய்வில் தாளம் சமமாகிறதோ, அதைக் கொண்டு ஊசலை உந்தும் கவைக்கம்பியை எப்பக்கம் வளைப்பது என்று அறிந்து, கடுகளவு வளைக்கவேண்டும். கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் பெண்மக்களுக்கு இது மிக எளிதாக வருகிறது; பாட்டு வகுப்பில் தாளம் போட்டுப் பழகிய காதுகள் அல்லவா?

இசை ஒலிக்கும் கம்பிகளை ஒருபோதும் வளைக்கலாகாது. அவை எளிதில் ஒடியும். சுத்தியலின் தண்டைத்தான் வளைக்கவேண்டும். சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கவேண்டும். ஒட்டி நின்றால் ஒலி செத்துப் பிறக்கும். சுத்தியல் முனையின் தோல் காய்ந்து கெட்டியானால் பாத்திரம் தட்டுவது போல் கேட்கும். ஊசியால் நாலைந்து குத்துக் குத்தினால் தோல் இளகும், இசை திரும்பும்.

இவ்வளவும் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பீர்கள். நம் வரிசையில் ஒரு பெரியம்மா இருந்தார். அவர் கணவர் கார்டாகப் பணியாற்றியவர். அவர் மறைந்தபின் வீட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார் இல்லை. அது நின்று ஒன்பது ஆண்டு. மகனுக்கும் பணி ஓய்வு நெருங்கியது. கும்பகோணத்துக்குத் திரும்ப ஏற்பாடு. "ஓடினால் எடுத்துப் போகலாம், இல்லையேல் இங்கேயே விற்றுவிடலாம்" என்று மகன் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஓடாத மரப்பெட்டியை ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் யார் சுமப்பது? காலி செய்ய இருபத்தாறு நாள் இருந்தது.

பெரியம்மா நம்மிடம் கேட்டது ஒன்றுதான். "தம்பி, மூன்றையும் ஓடவைக்க வேண்டாம். முக்கால் மணி மட்டும் அடிக்கட்டும். அவர் இரவு வண்டிக்குப் புறப்படுவது அந்த மணியில்தான்."

முக்கால் மணிக்கு மட்டும் அடிக்கவைப்பது இயலாது. அடித்தால் எல்லாம் அடிக்கும். திறந்து பார்த்தால் வழக்கம்போலப் பிசின். ஆனால் இசை வரிசையில் ஒரு துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. சக்கரம் சாய்ந்து அடுத்த சக்கரத்தோடு இறுகிக்கொண்டது. துலக்கினால் மட்டும் தீரும் நோயன்று. பட்டறையில் டர்னராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர், தம் வீட்டுச் சிறு கடைசல் இயந்திரத்தில் பித்தளைப் புஷ் ஒன்று கடைந்து தந்தார். துளையை அகலப்படுத்தி, பழைய மையம் மாறாமல் அதைப் பொருத்துவதற்கு இரண்டு ஞாயிறுகள் ஆயின. இருபத்திரண்டாம் நாள் பூட்டி மாட்டினோம். முள்ளைத் திருப்பி, ஒவ்வொரு கால் மணியிலும் நிறுத்தி, இசை முடியும்வரை காத்தோம். அவ்வகைக் கடிகாரம் வரிசை தவறியிருந்தால் தானே திருத்திக்கொள்ளும்; முழு மணி வரும்வரை இசையைப் பூட்டி வைத்து, அங்கிருந்து சரியாகத் தொடங்கும். முக்கால் மணி அடித்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

ஊசலைக் கழற்றித் தனியே துணியில் சுற்றி, சுத்தியல்கள் ஆடாமல் நாடாவால் கட்டி, பெட்டியைப் படுக்கைக்குள் வைத்து அனுப்பினோம். தாளம் பார்க்கும் முறையைப் பெரியம்மாவுக்கே கற்றுக்கொடுத்தோம். ஊர் போய்ச் சேர்ந்த மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நன்றாக ஓடுகிறது. ஆனால் வாரத்துக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறது. இங்கே வந்தால் அதற்கும் சோம்பல் வந்துவிட்டதா?" என்றார்.

கடிகாரத்தில் குறையில்லை. பூமி துருவங்களில் சற்றே தட்டையாகவும் நடுவில் சற்றே பருத்தும் இருக்கிறது. சுழற்சியின் விளைவும் சேர்ந்து, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமியின் ஈர்ப்பு சிறிது குறைகிறது. ஈர்ப்புக் குறைந்தால் ஊசல் மெதுவாக ஆடும். ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார் 1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்குக் கடிகாரம் கொண்டுபோனபோது, அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதைக் கண்டார். இலக்னோவிலிருந்து கும்பகோணம் போகும் ஊசலுக்கு நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். நாளுக்கு முப்பத்தைந்து வினாடிக்கு மேல் வருகிறது. வாரத்துக்கு நாலு நிமிடம்! இவ்வூர்க் குளிரில் திருத்திய கடிகாரம் அவ்வூர் வெம்மைக்குப் போனால் எஃகுத் தண்டு நீள்வதால் இன்னும் சில வினாடி சேரும். ஒரு பாகைச் சூட்டுக்கு நாளுக்கு அரை வினாடி கணக்கு. ஊசல் குண்டின் அடியில் உள்ள மரையைச் சிறிது மேலே திருகச் சொன்னோம். கால் மீட்டர் நீள ஊசலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். ஆகவே பெரியம்மா திருகவேண்டியது நூலிழை அளவே. திருகினார், இப்போது சரியாக ஓடுகிறதாம்.

நம் நகரத்திலேயே பெரியதொரு சான்று உண்டு. உசைனாபாத் மணிக்கூண்டு 1881-இல் எழுந்தது. உயரம் 221 அடி. அதன் கடிகாரம் 1984-இல் நின்றது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஊமையாக இருந்த அதனை, கப்பல் தலைவர் ஒருவரும் இயந்திரப் பொறியாளர் ஒருவரும் முயன்று 2011-இல் மீண்டும் ஓடவைத்தனர். கடிகாரம் செய்வது அவ்விருவரின் பிழைப்பன்று என்பதை இளைஞர்கள் கவனிக்க.

நேரமாகிறது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓர் அறிவிப்போடு முடிக்கிறோம். சங்க நூலக அறையில், தினசரிகள் அடுக்கிய அலமாரிக்கு மேலே ஒரு மூன்று துளைக் கடிகாரம் தொங்குகிறது. ஐந்தே முக்காலில் நின்றிருக்கிறது. செயற்குழுவின் இசைவு பெற்றாயிற்று. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதைக் கீழே இறக்குகிறோம். பார்க்க விரும்பும் பிள்ளைகள் வரலாம். வரும்போது பழைய பல் தூரிகை ஒன்றும் பல்குத்தும் குச்சி ஒரு பெட்டியும் கொண்டுவரவேண்டும். அதன் சாவியைக் காணவில்லை. எவர் வீட்டு இழுப்பறையிலாவது இரட்டை முனைச் சாவி ஒன்று சொந்தக்காரர் தெரியாமல் கிடந்தால், அதையும் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம்.